ரெண்டு தோட்டா

"மெண்டல் கையில துப்பாக்கி. நாளைக்கு எவனையாவது சுட்டுட்டா யார்பா பதில் சொல்றது?"

சூப்பர்வைசர் கஜபதி கேட்டது எங்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. அம்பத்தூரில் எங்கள் கம்பெனி கேட்டில் டபுள் பேரல் துப்பாக்கியோடு நிற்கும் வாட்ச்மேன் துலுக்கானம், மாசம் ஒருமுறை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறார் என்று கண்டுபிடித்ததே கஜபதிதான்.

துலுக்கானம் மிலிட்டரியில் இருந்தவர். பத்து வருஷத்தில் யாரையும் அதட்டியதில்லை. மனைவி செத்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போனதும் எங்களுக்குத் தெரியும். இருந்தும், அவர் சல்யூட் அடித்தாலே நாங்கள் ஒதுங்கிப் போனோம். அவரை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி கஜபதி எழுதிய மனுவில் முப்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டோம். நானும்தான்.

ஆயுத பூஜை வந்தது. லேத்துக்கும் டிரில்லுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். துலுக்கானமும் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து, சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"யாரும் தொடாதீங்கபா. லோடு கீது," என்றார். தினமும் சொல்வதுதான்.

"பூஜைக்குக்கூட தோட்டாவ எடுக்கல பாரு. இதான் மெண்டலுங்கறது," என்றார் கஜபதி, எல்லோர் காதிலும் விழும்படி.

துலுக்கானம் தலையைக் குனிந்துகொண்டார்.

சூடம் காட்டி முடித்ததும் மேனேஜர் எட்மண்ட் சார் கஜபதியைக் கூப்பிட்டார்.

"மனுவைப் படிச்சேன். துலுக்கானம் இங்கதான் இருப்பார்."

கஜபதியின் முகம் கறுத்துவிட்டது. பொரி பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த சின்னசாமி சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னா அண்ணாத்தே, மனு புஸ்ஸுனு பூட்ச்சே?"

எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த நொடி துப்பாக்கி கஜபதியின் கையில் இருந்தது. சின்னசாமியின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார்.

"யாரப் பாத்துடா சிரிக்கிற?"

விசை இரண்டையும் அழுத்தினார்.

டிக். டிக்.

அவ்வளவுதான். சின்னசாமியின் கையிலிருந்த பொரி தரையெல்லாம் சிதறியது.

துலுக்கானம் மெதுவாக வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். கஜபதி மறுக்கவில்லை.

"லோடு கீதுன்னு சொன்னியேண்ணே," என்றேன்.

"அப்டி சொன்னாத்தான் யாரும் தொட மாட்டீங்கோ."

எட்மண்ட் சார் எங்கள் முன்னாலேயே தன் பீரோவைத் திறந்தார். ஒரு பழைய கவரில் இரண்டு தோட்டா. மேலே துலுக்கானத்தின் கையெழுத்து, போன வருஷத்துத் தேதி.

"மொத மாத்திரை வாங்கின அன்னிக்கே கொண்டுவந்து குடுத்துட்டார். 'எனக்கு மனசு சரியில்ல சார், இது உங்ககிட்டயே இருக்கட்டும்'னார்."