பன்னிரண்டாவது கம்ப்யூட்டர்

"பாஸ்வேர்டைச் சொல்லிரு தாயி. வேணும்னா உன் கால்ல விழுதேன்" என்றான் ராபின்.

அனுசுயா கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் பில் அடிப்பது, சம்பளச் சீட்டு போடுவது எல்லாம் அவள்தான். "மறந்துபோச்சு" என்றாள்.

ராபினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் திருப்பூரில் மகுடேஸ்வரனின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில், கம்பெனி கம்பெனியாகப் போய் ரிப்பேர் பார்க்கும் வேலையில் இருப்பவன். பன்னிரண்டு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைக் கடையிலிருந்தபடியே திறந்து பார்க்க வழிசெய்துவிட்டு வரும்படி மகுடேஸ்வரன் அனுப்பியிருந்தார். பதினொன்று சுலபமாக முடிந்துவிட்டது. இந்தப் பன்னிரண்டாவதுதான் உயிரை வாங்கியது.

முதல் நாள் வந்து பார்த்தால் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே இல்லை. அது இல்லாமல் வெளியிலிருந்து திறக்க முடியாதென்று புதிதாக ஒன்று வைத்தான். உடனே கரண்ட் போனது, சாயங்காலம் வரை வரவில்லை. இரண்டாம் நாள் எல்லாம் சரியாக இருந்தது, கடைக்குப் போய்ப் பார்த்தால் திறக்கவில்லை. மூன்றாம் நாளும் அதே கதை. இன்று பாஸ்வேர்டே மாறிக் கிடந்தது. தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் ஆகாது போலிருந்தது.

ஆனால் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. சாத்தான்குளத்தில் மாமியார் வீட்டில் இருந்த மனைவியையும் ஆறு மாதக் குழந்தையையும் அழைத்து வர மண்ணரையில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். "பன்னெண்டையும் முடிச்சுட்டு வாங் கண்ணு, உன்ர விஷயத்தை அப்பறம் பேசிக்கலாம்" என்று மகுடேஸ்வரன் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமாகிவிடும் என்று அன்றைக்கே மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு, "செல்லத்தாய் ஒண்ணு. எங்கம்மா பேரு" என்று முனகினாள் அனுசுயா. ராபின் எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்து, இன்டர்நெட் மோடத்தில் விளக்கெல்லாம் எரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினான்.

கேட்டுக்குப் போன பிறகுதான் ஹெல்மெட் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மேஜைக்கு அடியில் குனிந்து மோடத்தின் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் அனுசுயா.

"அடிப்பாவி! நாலு நாளா என்னை இந்த வெயில்ல அலைய விட்டது நீதானா?"

அவள் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. "நான் என்ன செய்யட்டும்ண்ணே? முதலாளி வீட்டுல உட்கார்ந்தே இதைத் திறந்து எல்லாம் பார்த்துக்கிட்டாருன்னா, அப்புறம் என்னை எதுக்கு வச்சிருக்கப் போறாரு? என் சம்பளத்துலதான் வீடு ஓடுது."

ராபினின் கோபம் பாதி இறங்கிவிட்டது. "அட கோட்டிக்காரி! இது உங்க முதலாளிக்கு இல்ல, எங்க கடைக்கு. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சுன்னா எங்க சார் அங்க இருந்தே பார்த்துச் சரி பண்ணிருவாரு. நான் எப்ப வருவேன்னு நீ வாசலைப் பார்த்துட்டு உட்கார வேண்டாம்லா?"

"நெசமாவாண்ணே? யாருக்கும் வேலை போகாதே?"

"என் பிள்ளை மேல சத்தியமாப் போகாது. போதுமா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே வயரைச் செருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ராபின் கடைக்குப் போன் போட்டு, புதுப் பாஸ்வேர்டைச் சொல்லி, "இப்பப் பாருங்க சார்" என்றான்.

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கடையில் திறந்துவிட்டதற்கு அடையாளமாக, அனுசுயாவின் கம்ப்யூட்டர் திரை தானாகவே பூட்டிக்கொண்டது. போனில் மகுடேஸ்வரன் பெரிதாகச் சிரித்தார்.

"திறந்துருச்சுங் கண்ணு! அந்தப் புள்ளையோட பில்லு எல்லாம் இங்க பளிச்சுன்னு தெரியுது. உன்ர கைராசியே ராசி போ!"

நான்கு நாள் எரிச்சலும் ஒரே நொடியில் ராபினை விட்டுப் போயிற்று. அனுசுயா ஓடிப்போய் அவனுக்கு டீ வாங்கி வந்தாள். வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட வேண்டும் என்று அவன் மனம் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், பெருமாநல்லூர் கம்பெனியில பில் திறக்க மாட்டேங்குதுன்னு காலையில சொன்னாங்க. நாளைக்கு நேரா அங்க போயிரட்டுமா?"

"அதை நான் மத்தியானமே இங்க உக்காந்து பார்த்து முடிச்சுட்டனுங் கண்ணு. முந்தாநேத்து ஒண்ணு, நேத்து ரெண்டு, எல்லாம் அப்படித்தான் முடிச்சேன். அஞ்சு நிமிசம்கூட ஆகலை."

"சூப்பர் சார். அப்ப நாளைக்கு எந்தக் கம்பெனிக்குப் போகட்டும்?"

மகுடேஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைல இருந்து நீ வர வேண்டியதில்லீங் கண்ணு."