இத்தாலிக் குதிரையில் மாப்பிள்ளை

தரகர் கொடுத்த படத்தோடு பெண்ணின் தகப்பன் கதிரவேலு யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு நேரிலேயே வந்துவிட்டார். படத்தில், சங்கக்கடைக் கிளாக்கர் பஞ்சலிங்கம் ஒரு பென்னம்பெரிய மோட்டார் சைக்கிளில் ராசா மாதிரிச் சாய்ந்திருந்தான்.

"தம்பி, இது எந்த நாட்டுச் சாமான்?"

"இத்தாலி, ஐயா."

"ஓட்டம் எப்பிடி?"

"சாய்மனைக் கதிரையிலை இருக்கிற மாதிரிக் காலை நீட்டிக்கொண்டு போகலாம். அவசரப்படுத்தினா அதுக்குப் பிடிக்காது."

"சத்தம்?"

"அடிவயித்திலையிருந்து உறுமும். பலாலி றோட்டிலை பஸ்காரனே விலத்துவான்."

"இப்ப எங்கை நிக்குது?"

"கராச்சிலை, ஐயா. சின்னத் திருத்த வேலையொண்டு."

"எஞ்சின் பிழையோ?"

"சீச்சீ! எஞ்சினிலை ஒரு குறையும் இல்லை."

கதிரவேலு சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"ஓம், குறையில்லைத்தான். அது கனகாலமா என்ரை வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்குது. எஞ்சினைக் கழட்டிப்போட்டு மிச்சத்தைத் திருநெல்வேலி ஸ்ரூடியோக்காரனுக்குக் குடுத்தது நான்தான், படமெடுக்கிற ஆக்கள் ஏறியிருக்கட்டுமெண்டு."

பஞ்சலிங்கம் வாசலில் நின்ற தன் பழைய சைக்கிளைப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"உண்மையைச் சொல்லுறன், ஐயா. படமெடுத்துப்போட்டு இறங்கேக்கை, ஓடாத அதிலையிருந்தும் விழுந்தனான்."

கதிரவேலு படத்தைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரி தம்பி, எஞ்சினைச் சீதனமாத் தாறன். ஆனா அதுக்குப் பிறகு என்ரை வெங்காயத்துக்குக் கிணத்துத் துலா மிதிச்சுத் தண்ணி இறைக்கிறது மருமகன்தான்."