தோளில் ஒரு துண்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் உண்ட மயக்கத்தில் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், படிக்கட்டின் அடியிலிருந்த மீட்டர் பெட்டி புகையத் தொடங்கியது. உயிர் பிழைத்தால் போதுமென்று மூன்று மாடியும் அடித்துப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தது. ஆண்கள் இடுப்புக் கைலியும் வெற்று மார்புமாக நின்றார்கள். பெண்கள் நைட்டியோடு நின்றார்கள். அந்த அவசரத்திலும் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ள அவர்கள் மறக்கவில்லை. பிலோமினாவும் மறக்கவில்லை. அதே மாடியில் எதிர்வீட்டு சகுந்தலாதான் மறந்துபோனாள். கடைசி ஆளாக இருமிக்கொண்டே வாசலுக்கு வந்தவளிடம், "அக்கா, துண்டு" என்றாள் பிலோமினா. பால் வாங்க வரும்போதும் குப்பை கொட்ட வரும்போதும் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வதுதான். சகுந்தலா குனிந்து தன்னைப் பார்த்தாள். பிறகு ஆண்களைப் பார்த்தாள்.

"இந்தா, வந்துடுறேன்."

அப்போது புகை மட்டும்தான், தீ கண்ணில் படவில்லை. அவள் திரும்பிப் படியேறியதை யாரும் தடுக்கவில்லை. துண்டில்லாமல் எப்படி நிற்பாள்?

தீயணைப்புக்காரர்கள் அவளைத் தூக்கிவந்து தெருவில் கிடத்தினார்கள். கைக்குள் சுருண்டிருந்த துண்டை யாராலும் உருவ முடியவில்லை. பிலோமினா தன் தோளில் கிடந்ததை எடுத்து அந்த முகத்தை மூடினாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மேல்மாடிக்காரர் தன் வெற்று மார்பில் வழிந்த வியர்வையை உள்ளங்கையால் வழித்துக்கொண்டே அவளிடம் குனிந்தார்.

"மேல ஏதாவது போட்டுக்கம்மா. ஆளுங்க பாக்குறாங்க."