அண்ணாச்சி போட்ட விளக்கு

"வேணாம் அண்ணாச்சி. கயட்டிடச் சொல்லுங்க."

சண்முகவேலுக்குச் சுரீர் என்றது. நல்லது செய்ய வந்தால் இப்படியா?

அன்புச்செல்வி அவருடைய தி.நகர் ஜவுளிக்கடைக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவள். கால் இரண்டும் விளங்காது. துணி வாங்க, கொடுக்க எல்லாம் சக்கர நாற்காலிதான். போன வாரம் கடை வாசலிலேயே ஒரு வேன் உரசிவிட்டுப் போனது. முழங்கையில் இன்னும் கட்டு.

அதனால்தான் எலெக்ட்ரீஷியன் ஷரீஃபைக் கூப்பிட்டு நாற்காலிக்கு விளக்கு மாட்டச் சொன்னார். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, சக்கரத்தைச் சுற்றி நீலப் பட்டை.

"சும்மா தேர் மாதிரி கீது அண்ணாச்சி!" என்றான் ஷரீஃப்.

புடவை எடுக்க வந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருத்தி போனில் படம் பிடித்தாள். அண்ணாச்சி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் இவள் வேண்டாம் என்றாள்.

"ஏம்மா, நீ செத்துகித்துப் போனா யாரு பதில் சொல்ல? இருட்டுல ரோட்டுல போனா வேன்காரன் என்ன செய்வான்?"

"அவன் இன்னா செய்வான்? அவன் மேல தப்பே இல்ல."

"பொறவு? விளக்கு போட வெக்கமா?"

"வெக்கம் இல்ல அண்ணாச்சி. தெனம் ரோட்டுல போவ பயமா கீது."

"ரோட்டுல போவாம வானத்துலயா போவ?"

கூட்டம் சிரித்தது. "குடுத்தா வாங்கிக்கத் தெரியல. திமிரு" என்றது ஒரு குரல்.

அவள் கட்டுப் போட்ட கையை நீட்டினாள்.

"அதோ, பிளாட்பாரத்துல ஏற சரிவு கட்டி வுட்டுக்கீறாங்க. என் வண்டிக்குன்னே கட்டினது. அது மேல உங்க பொம்மைங்க நிக்குது. அதுங்கள உள்ள எடுத்துக்கினா போதும். நான் ரோட்டுல எறங்கவே மாட்டேன்."

பட்டு கட்டிய மூன்று பொம்மைகள், கழுத்தில் ஆடித் தள்ளுபடி அட்டையோடு சிரித்துக்கொண்டு நின்றன.

கூட்டம் மெல்லக் கலைந்தது. அவளும் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மினுங்கியபடியே ரோட்டில் போனாள். பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்தது.

"அண்ணாச்சி... பொம்மைய உள்ள தூக்கிடவா?" என்றான் ஷரீஃப்.

அண்ணாச்சி பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளக்கு மிச்சம் இருக்கா?"

"கீது."

"அதுகளுக்கும் மாட்டு. எவனாவது இருட்டுல இடிச்சு, பட்டு கிழிஞ்சிரப் போவுது."