சுண்டு வரும் பக்கம்

மகன் வேலைக்குப் போன பனி தேசத்திலிருந்து தகவல் நின்றுபோனதும், தையல்காரர் அந்த நாட்டு நாவல்களின் மொழிபெயர்ப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார். அங்கே மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்றாவது தெரியட்டுமே!

எல்லாம் மகன் பிறப்பதற்கு முன்பே அச்சான புத்தகங்கள். ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் ஓரத்தில் அவன் வந்தான். புருவத்தில் அதே தழும்பு, சட்டைக் காலரைக் கடிக்கும் அதே பழக்கம். ஒன்றில் விறகு பிளந்தான். இன்னொன்றில் யார் வீட்டிலோ சூப் குடித்தான்.

“உங்களை மாதிரியே உறிஞ்சிக் குடிச்சு மானத்தை வாங்கியிருப்பானே!” என்று மனைவி சிரித்தாள்.

இன்றைய நாவலில் அவன் குளிரில் விறைத்துச் செத்திருந்தான். குழியில் இறக்கிவிட்டார்கள். ஆனால், செத்தவனை வீட்டில் கூப்பிடும் பெயரை ஒருவர் உரக்கச் சொன்ன பிறகுதான் மண் தள்ளுவது அந்த ஊர் வழக்கம். அங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. மண்வெட்டிகளோடு காத்து நின்றார்கள்.

தையல்காரர் வாயை இறுக மூடிக்கொண்டார். பெயரைச் சொல்லாதவரை மண் விழாது அல்லவா?

“என்னங்க, பேச்சுமூச்சையே காணோம்?” அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “நம்ம சுண்டு இன்னிக்கு என்ன பண்றான்?”

அவர் பக்கத்தைத் திருப்பினார். எங்கிருந்தோ ஒரு பெண்குரல் கேட்டதாம். மண்ணைத் தள்ளத் தொடங்கியிருந்தார்கள்.