இடது காறை எலும்பு

“ஒரு ஆள் மொத்தமும் இந்தப் பைக்குள்ள அடங்கிடுமா?” என்று கேட்டாள் அக்கா.

“அடுக்கத் தெரிஞ்சா அடங்கும். மொதல்ல ஜன்னலைச் சாத்து. எதிர் வீட்டுல பாத்தா போலீஸக் கூப்பிட்டுருவாங்க.” தங்கை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துத் தொடை எலும்பை எடுத்து வைத்தாள்.

அவள் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். சீனியர்களிடமிருந்து கைமாறி வந்த எலும்புப் பை அது. “எங்க ஹாஸ்டல்ல இவருக்கு மாப்பிள்ளைன்னு பேரு” என்று சொன்னவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பரவால்ல, சொல்லிக்குடு” என்றாள் அக்கா. “அங்க போய் வெறும் எலும்பப் பாத்து, தெரியலன்னு சொல்லிட்டு வந்துடக் கூடாது.”

அக்காவின் கணவன் கட்டடக் கான்ட்ராக்டர். அவன் எழுப்பிக்கொண்டிருந்த மாடி இடிந்து விழுந்து கூலியாட்கள் சிலர் செத்துப்போனார்கள். வழக்கு கோர்ட்டுக்கு வரவிருந்த வாரத்தில் வீட்டை விட்டுப் போனவன் திரும்பவில்லை.

ஒரு வருஷம் கழித்து, கைவிடப்பட்ட கல்குவாரியில் ஒரு சட்டையோடும் வாட்சோடும் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. செத்தவர்களின் ஆட்கள் பழி தீர்த்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது. அடையாளம் காட்ட நாளை வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஒரு வருஷமும் அவள் அழ உட்கார்ந்தால் அவனைத் தானே சாகடிப்பது போலிருந்தது. அழாமல் இருந்தால் கல்நெஞ்சுக்காரி போலிருந்தது. இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும் என்ற இடத்துக்கு வந்துவிட்டாள்.

“மாமா சாரத்துல இருந்து விழுந்தாரே, எந்த எலும்பு உடைஞ்சுது?”

அக்கா கழுத்துக்கும் இடது தோளுக்கும் நடுவே விரலை வைத்தாள். “இது. சேர்ந்த இடத்துல ஒரு மேடு விழுந்துடுச்சு. தலை வச்சுப் படுத்தா கன்னத்துல உறுத்தும்.”

“காறை எலும்பு. கண்ணை மூடிக்கோ. எங்களுக்குப் பரீட்சையில துணிப்பைக்குள்ள கைய விட்டுத்தான் சொல்லச் சொல்வாங்க. மொத தடவை நான் முழங்கால் சில்லைத் தடவிட்டு, கூழாங்கல் சார்னு சொன்னவ.”

அக்கா சிரிக்கவில்லை. உள்ளங்கையில் மெல்லிய, வளைந்த எலும்பு ஒன்று வந்து விழுந்தது.

“தட்டை முனை தோள் பக்கம், உருண்டை முனை நெஞ்சுப் பக்கம். வழுவழுப்பு மேல, சொரசொரப்பு கீழ. நெஞ்சுப் பக்கத்து வளைவு முன்னால. எந்தக் கை?”

“வலது.”

“அட! எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு இது வராது.”

“அந்த மேடு நாளாக நாளாகக் கரைஞ்சுடுமா?”

“சின்னக் குழந்தைன்னா சரியாயிடும். அவர் வயசுல அவ்வளவு பெரிய மேடுன்னா போகாது. செத்தாலும் இருக்கும்.”

“யாரு பெத்த புள்ளையோ, அதைச் சோறு திங்கிற மேசையில பரப்பி வச்சிருக்கீங்களே!” கதவருகில் மாமியார் நின்றிருந்தாள். “சட்டை அவனோடது, வாட்ச் அவனோடது. இதுக்கு மேல என்னத்தைப் படிச்சுக் கிழிக்கப் போறே?”

“ஒரு தடவை தொட்டுப் பாத்துடறேன் அத்தை.”

“அந்த இன்ஸ்பெக்டர் என்கிட்ட ரத்தம் கேக்குறான். நான் பெத்தவதான்னு ரத்தம் குடுத்து நிரூபிக்கணுமாம். குடுக்க மாட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டேன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி உள்ளே போனாள்.

மறுநாள் சவக்கிடங்கில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைத் துணியின் மேல் எலும்புகளைத் தலையிலிருந்து கால்வரை ஒழுங்காக வைத்திருந்தார்கள். முந்தைய நாளுக்கு முன் என்றால் ஒரு குவியலைப் பார்த்திருப்பாள். இப்போது அங்கே ஒரு மனிதன் படுத்திருந்தான்.

பக்கத்துத் தட்டில் மண் அப்பிய சட்டை இருந்தது. மேல் பொத்தானில் அவள் வேறு நிற நூலால் போட்ட தையல் அப்படியே இருந்தது. மாமியார் வாட்சைப் பார்த்து “என் ராசா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“பின்மண்டையில ஓங்கி அடிச்சிருக்காங்க. அப்புறம்தான் குவாரியில தள்ளியிருக்காங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “நல்லாப் பாருங்கம்மா. இவர் அவர்தான்னா, அவர் மேல இருக்கிற வழக்கும் இதோட முடிஞ்சுடும்.”

அவள் டாக்டர் கொடுத்த கையுறையை மாட்டிக்கொண்டாள். இடது காறை எலும்பை எடுத்தாள். தட்டை முனை தோள் பக்கம், வழுவழுப்பு மேலே, வளைவு முன்னால். இடதுதான். கண்களை மூடிக்கொண்டு விரலை மெல்ல நகர்த்தினாள்.

ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரல் எங்கும் தட்டவில்லை.

பதற்றத்தில் பக்கம் மாறிவிட்டதோ என்று வலதையும் எடுத்துத் தடவினாள். அதுவும் வழுவழுப்பாக இருந்தது. ஒரு வருஷமாக அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நகர்ந்து வழிவிட்டது. அவன் இருக்கிறான். எங்கேயோ உயிரோடு இருக்கிறான்.

இன்ஸ்பெக்டரிடம் சொல்வதற்கு முன் பெற்றவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அழுதுகொண்டிருந்த மாமியாரைத் தோளோடு அணைத்துக் காதருகே குனிந்தாள்.

“அழாதீங்க அத்தை. இது அவரில்ல.”

அழுகை நின்றது. மாமியாரின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தன. இன்ஸ்பெக்டர் டாக்டரிடம் ஏதோ கேட்கத் திரும்பியதும் மாமியார் அவள் காதோரம் முணுமுணுத்தாள்.

“தெரியும். அவன்தான்னு சொல்லிடு.”