ஆற்றுக்கு அடியில் ஒரு துணை

"எங்கட தலைக்கு மேல எவ்வளவு தண்ணி நிக்குது, அம்மா?"

ஐந்து வயதில் ரஜிதன் கேட்ட கேள்வி அது. மகனைத் தூக்கிக்கொண்டு, ஆற்றுக்கு அடியில் நடந்து கடக்கும் அந்தச் சுரங்கத்திலிருந்து ஓடிவந்த தேவமலர், பிறகு ஏழு வருடங்களாக அந்தப் பக்கமே போகவில்லை. வன்னியில் பதுங்குகுழி இடிந்து மூடி, மண்ணைத் தோண்டி வெளியே எடுக்கப்பட்டவள் அவள்.

இன்று போகத்தான் வேண்டும். எல்பே ஆற்றின் அக்கரையில், கப்பல் கட்டும் தளமொன்றின் கன்டீனில் ஏழரைக்கு முதல் நாள் வேலை. இரண்டு வருடம் அலைந்து கிடைத்தது. பனிமூட்டத்தால் படகுகள் ஓடவில்லை. நூறு வருடம் கடந்த அந்தச் சுரங்கம்தான் மிஞ்சிய வழி.

லிஃப்ட் அவளை ஆழத்தில் இறக்கிவிட்டது. வெள்ளை ஓடு பதித்த பாதை முடிவில்லாமல் நீண்டது. முப்பது அடி நடந்ததும் கால்கள் நின்றுவிட்டன.

சுவரில் சாய்ந்து, "முருகா, முருகா" என்று முணுமுணுத்தாள். சைக்கிள்கள் அவளைக் கடந்து போயின. மணி ஏழு பத்து. வேலை போனால் போகட்டும், திரும்பிவிடலாம் என்று நினைத்தாள்.

"முருகனைக் கூப்பிடுறது ஆர்? தமிழோ?"

அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், கண்களை மூடியபடி சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஓம், அண்ணை."

"எனக்குக் கண் தெரியாது, தங்கச்சி. ஒருக்கா அக்கரையில கொண்டுபோய் விடுவியளோ?"

ஏலாது என்று சொல்ல வாயெடுத்தாள். நடுவழியில் அவரை விட்டுப் போக மனம் வரவில்லை. அந்நிய ஆணின் கையைப் பிடிக்கவும் கூச்சமாக இருந்தது. கையிலிருந்த குடையை நீட்டினாள். அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

நடக்க நடக்க, எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்றெல்லாம் விசாரித்தார். சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மீன், நண்டு, பழைய சப்பாத்துக் காலணியைச் சுற்றி எலிகள் என்று சிற்பங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"எலியோ? எங்கட வீட்டில வாடகை குடுக்காமல் இருந்ததுகள் இஞ்சையும் வந்திட்டுதுகள்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாதி வழியில் மேலே எங்கோ ஒரு உறுமல் கேட்டது. கப்பல் போகிறது போல, தனக்குப் பயமாகக் கிடக்கிறது என்றார் அவர்.

"பயப்படாதையுங்கோ அண்ணை, நான் இருக்கிறன்."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அக்கரையில் மேலே வந்தபோது ஏழு இருபத்தைந்து. பனிக்குள் வேறு யாரும் இல்லை. வேலைக்கு ஓட வேண்டும். ஆனால் இவரை இனி யார் கூட்டிப் போவார்கள் என்று கேட்டுத் தயங்கி நின்றாள்.

"நீங்கள் போங்கோ, தங்கச்சி. நான் முதல் முதல் இந்தச் சுரங்கத்தில பயந்து நிண்ட நேரம் என்னட்டைத் துணை கேட்ட கண் தெரியாதவரும், இதில வந்துதான் சைக்கிளில ஏறிப் போனவர்."